எரியாத விளக்குக்குப் பழுதில்லை

எல்லாரும் சௌக்கியம்தானே? முட்டி வலிக்காரர்களுக்கு வலி கொஞ்சம் குறைந்திருக்கிறதா? சாப்பிட்டது செரிக்கிறதா, படுத்தால் தூக்கம் வருகிறதா? வீட்டு விளக்கெல்லாம் கண் சிமிட்டாமல் எரிகிறதா? கடைசிக் கேள்வியை நான் சும்மா கேட்கவில்லை. இன்றைக்கு அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். கதை கேட்டுக் குழம்பு தீய்ந்தது என்று பிறகு என் தலையில் கட்டக் கூடாது.

என் மாப்பிள்ளை, அதாவது என் மகளைக் கட்டியவர், விளக்கு வெளிச்சத்தில் நாற்று வளர்க்கிறவர். நல்ல மனிதர். நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கும் ஒதுங்கி வழிவிடுவார். முத்திரை குத்திய காகிதம் காற்றில் பறந்து வந்து காலில் விழுந்தால்கூட, எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு "இது யாரோடதுங்க?" என்று தெருவெல்லாம் கேட்கிற ரகம்.

பட்டறைகள் வரிசையாக இருக்கிற ஒரு வளாகத்தில், முன்னாளில் துணி மூட்டை அடுக்கி வைத்த ஓர் அறையை அவர் வாடகைக்கு எடுத்திருக்கிறார். ஜன்னல் கிடையாது. உள்ளே இரும்பு அலமாரிகள். தட்டுத் தட்டாகக் குழித்தட்டுகள், குழிக்கு ஒரு நாற்று. ஒவ்வொரு அடுக்குக்கும் மேலே சங்கிலியில் தொங்குகிற குரோ லைட்டு. சூரியன் செய்கிற வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிற விளக்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன். வெளிச்சம் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். அந்த வெளிச்சத்தில் மனுசர் யார் நின்றாலும் ஆஸ்பத்திரியிலிருந்து பாதியில் எழுந்து வந்த மாதிரி தெரிவார்கள். நாற்று மட்டும் அரண்மனைப் பிள்ளை மாதிரி தளதளவென்று நிற்கும்.

இந்த வருசம் ஆறு கரை உடைத்து, ஆற்றோரத் தோட்டங்களில் இருந்த நாற்றங்கால் முழுவதையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. தோட்டக்காரர்கள் எல்லாரும் கூடிப் பேசி, தங்களில் வாய் உள்ளவளாகப் பார்த்து ஒரு அக்காவை மாப்பிள்ளையிடம் அனுப்பினார்கள். வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"தம்பி, வெள்ளம் வடிஞ்சு மண்ணு பதமா இருக்கு. இந்த ஈரம் காயறதுக்குள்ள தக்காளியும் மிளகாயும் ஊனிட்டாத்தான் எங்களுக்கு இந்த வருசம் உண்டு. விட்டா தரிசுதான். வேற எங்கயும் நாத்து இல்ல. உன் இருட்டு ரூமைத்தான் நம்பியிருக்கோம்."

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். அறை நிறைய விதை போட்டார். முளைத்தது.

அப்போதுதான் விளக்குகள் கண் சிமிட்ட ஆரம்பித்தன. பக்கத்துப் பட்டறையில் இரும்பு அறுக்கிற மிஷினைப் போட்டால் போதும், இங்கே எல்லா விளக்கும் ஒருமுறை திடுக்கிடும். சில சமயம் 'டப்' என்று ஒரு சத்தம், ஒரு கருகல் வாடை, ஒரு விளக்கு காலி. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டினோம். உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றார். எர்த் இருக்கிறது, கோளாறென்றால் தானாக அணைகிற டிரிப்பர் இருக்கிறது, மின்சாரம் எகிறினால் தாங்கிக்கொள்ளச் சர்ஜ் பெட்டியும் இருக்கிறது, பாவம், அதுவும் தினம் தினம் எத்தனை அடிதான் தாங்கும். கோளாறு வெளிச்சுவரில் இருக்கிற ஜங்ஷன் பெட்டியில். உள்ளே நியூட்ரல் கம்பி முடுக்காமல் ஆடிக்கொண்டிருக்கிறது, மின்சாரம் எகிறுவது அதனால்தான்.

"ஒரு திருகு. அவ்வளவுதாங்க வேலை. ஆனா நான் தொட மாட்டேன். பெட்டியில வாரியத்து சீல் தொங்குது பாருங்க. அதைத் தொட்டவன் அப்புறம் வேற எந்தக் கம்பியையும் தொட முடியாது. லைசென்ஸை உருவிடுவாங்க."

அந்த வாரியத்தின் பெயர் உள்ளறை ஒளிக்கருவிப் பாதுகாப்பு வாரியம். சொல்லி முடிப்பதற்குள் ஒரு விளக்கு போய்விடும்.

"இதுக்கு எதுக்குங்க வாரியம்? ஸ்க்ரூடிரைவரைக் குடுங்க, நான் திருகிட்டு வரேன்," என்றாள் என் மகள்.

"சீல் இருக்கு."

"சீலு என்ன கடிக்குமா?"

"அவங்க நம்ம விளக்கைப் பாதுகாக்கத்தானே இருக்காங்க. போய்ச் சொன்னா வந்து பண்ணிட்டுப் போறாங்க. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல," என்றார் மாப்பிள்ளை. முறை என்ற சொல்லை அவர் சாமி பேரைச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொல்லுவார்.

தனியாகப் போனால் வாசலிலிருந்தே திரும்பி வந்துவிடுவார் என்று மகள் என்னையும் கூட அனுப்பினாள்.

வாரியத்துக் கட்டடம் பெரிசு. உள்ளே இருட்டு. நடைவழியில் ஒரு ட்யூப்லைட் குளிர் ஜுரக்காரன் மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. கடைநிலை ஊழியர் ஒருவர் டார்ச்சு அடித்து, "படி இருக்கு, பாத்து வாங்கம்மா, போன வாரம் ஒருத்தர் விழுந்துட்டார்," என்று கூட்டிக்கொண்டு போனார். சுவரில் ஏதோ பொன்மொழி எழுதியிருந்தது. டார்ச்சை அதன் மேல் அடித்தார். 'பழுது வருமுன் பாதுகாப்போம்'. படித்தோம். மறுபடியும் இருட்டு.

கண்காணிப்பாளர் என்று ஒருவர் மேசைக்குப் பின்னால் இருந்தார்.

"என்ன குறை?"

"சார், விளக்கு போகுதுங்க."

"போயிடுச்சா, போகப்போகுதா?"

"கொஞ்சம் போயிடுச்சு சார். மிச்சமும் போயிடுமோன்னு…"

"போனது எங்களைச் சேராது. நாங்க பாதுகாப்பு வாரியம். செத்தவனுக்கு எதுக்குங்க ஹெல்மெட்? போன கருவியைப் பாதுகாக்கப்பட்ட வளாகத்துல ஒரு நிமிஷம் வெச்சிருக்கக் கூடாது. துணைப்பொருளோட உடனே வெளியேத்தணும். அதுக்கப்புறம் அதுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. இது எங்க முதல் விதி."

"சரிங்க சார். மிச்சம் இருக்கறதுக்கு?"

"அது எரியுதா?"

"எரியுது சார்."

"எரியுதுன்னா அப்புறம் என்ன குறை?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

கண்காணிப்பாளர் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். "இங்க பாருங்க. போனதுக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. நல்லா எரியறதுக்கு நாங்க ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு. போகப்போற விளக்கு. அதுக்காகத்தான் இந்தக் கட்டடம், இந்த மேசை, நான், எல்லாம். போகப்போறப்ப கொண்டாங்க."

"போகப்போறது எப்படி சார் தெரியும்?"

"போனதும் தெரிஞ்சிடும்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஐயா, அந்தப் பெட்டியில ஒரே ஒரு திருகு…"

"அம்மா, திருகறதெல்லாம் வேலை. நாங்க செய்யறது பாதுகாப்பு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க," என்று சொல்லிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, ஓர் ஆய்வாளரை அனுப்பி வைப்பதாகச் சொன்னார். மாப்பிள்ளை வெளியே வரும்போது அந்த இருட்டிலும் முகம் மலர்ந்து வந்தார். "பாத்தீங்களா அத்தை, முறையாப் போனா நடக்கும்."

ஆய்வாளர் வந்தார். ரப்பர் பூட்டு, ரப்பர் கையுறை, மஞ்சள் ஹெல்மெட். வந்ததும் வாங்க, உட்காருங்க என்று சொல்லக்கூட நேரம் கொடுக்கவில்லை. நேரே போய் மெயின் சுவிட்சை அணைத்தார். கும்மிருட்டு. அன்றைக்கே என் மகள் அவருக்குக் கும்மிருட்டு என்று பெயர் வைத்துவிட்டாள்.

"சார், எதுக்கு அணைச்சீங்க?" என்று மாப்பிள்ளையின் குரல் மட்டும் கேட்டது.

"ஆய்வாளரோட பாதுகாப்புதான் முதல்ல. மின்சாரம் இருக்கற இடத்துல நாங்க வேலை செய்யக் கூடாது."

"நீங்க மின்சாரத்தைத்தானே சார் ஆய்வு பண்ண வந்தீங்க?"

"ஆமா. அதனாலதான் கூடுதல் ஜாக்கிரதை."

இருட்டில் கொஞ்ச நேரம் நின்றார். ஏதோ முணுமுணுத்தார். "இப்ப எல்லாக் கருவியும் பூரண பாதுகாப்போட இருக்கு," என்று அறிவித்தார். பிறகு சுவிட்சைப் போட்டார். அத்தனை விளக்கும் ஒரே நேரத்தில் எகிறி எழுந்தன, ஒன்று 'டப்' என்று போனது. மறுபடி அணைத்தார். மறுபடி போட்டார். 'டப்'. மூன்றாம் முறையும் அணைத்துப் போட்டார். அவர்கள் முறை அது. மூன்று தடவை அணைத்துப் போட்டால்தான் கருவிக்கு நெஞ்சுரம் இருக்கிறதா என்று தெரியுமாம்.

"என் கண்ணு முன்னாடியே போகுதே! ரொம்ப நோஞ்சான் கருவிங்க. அடிக்கடி ஆய்வு பண்ணணும் போலிருக்கே," என்று கவலைப்பட்டார் கும்மிருட்டு.

அதன்பிறகு அடிக்கடி வந்தார். வருவார், அணைப்பார், போடுவார். வரும்போதெல்லாம் இரண்டு மூன்று விளக்குக்கு வாய்க்கரிசி. விளக்கு போகப் போக ஆய்வு கூடியது. ஆய்வு கூடக் கூட விளக்கு போனது. வேலியே பயிரை மேய்ந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்த வேலி அப்படியில்லை. பயிரைத் தடவிக் கொடுத்தே கொன்றது.

ஒருநாள் என் மகள் பொறுக்காமல் கேட்டாள். "ஏங்க, அந்தப் பெட்டியில நியூட்ரல் லூசா இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"நல்லாத் தெரியுமே," என்றார் கும்மிருட்டு. "ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். ஒரு திருகு திருகினா சரியாயிடும்."

"அப்பத் திருகுங்க!"

"நான் உள்பிரிவும்மா. பெட்டி சுவத்துக்கு வெளியில இருக்கு. அது வெளிப்பிரிவு."

"வெளிப்பிரிவுல யாரு?"

"அதுவும் நான்தான். ஆள் பத்தாக்குறை. ஆனா ஒரே நேரத்துல ரெண்டு பிரிவா இருக்கக் கூடாது. வெளிப்பிரிவா வரும்போது உள்பிரிவு ஆய்வாளர் கூட நின்னு கோளாறைக் காட்டணும். நான் வெளியில நின்னா அவர் எப்படி உள்ள நிப்பாரு? நானும் யோசிச்சுப் பாத்துட்டேன். வழியில்ல."

சொல்லும்போது அவருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. மாப்பிள்ளை அவரைத் தேற்றி டீ கொடுத்து அனுப்பினார்.

அப்புறம் கண்காணிப்பாளரே நேரில் வந்தார். கையோடு ஒரு மூட்டை கறுப்பு உறைகள். தடித்த ரப்பர் துணி. ஒவ்வொரு விளக்குக்கும் தலை முதல் கால் வரை இழுத்துப் போட்டுக் கயிறு கட்டச் சொன்னார்.

"சார், இதைப் போட்டா வெளிச்சம் வெளிய வராதே?" என்றார் மாப்பிள்ளை.

"வரக் கூடாதுன்னுதானே போடறோம்? ஒரு விளக்கு எதனால தேயுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? எரியறதால. வெளிச்சம் வெளிய போகப் போக விளக்கு கரையுது. முப்பது வருஷ அனுபவத்துல சொல்றேன். எரியாத விளக்கு பழுதானதா நான் பாத்ததே இல்ல."

"நாத்துக்கு வெளிச்சம் வேணுமே சார்."

"நாத்துக்கு வேற வாரியம் இருக்கும். விசாரிங்க."

மாப்பிள்ளை கட்டினார். ஒவ்வொன்றாக, முடிச்சு நேராக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து. விளக்குகள் உறைக்குள்ளே எரிந்துகொண்டு சூடாகின. நாற்றுகள் இருட்டில் நின்றன. சில நாளிலேயே அவை வெளுத்துப்போய், கழுத்து நீண்டு, கதவிடுக்கில் கசிகிற ஒரு கோடு வெளிச்சத்தைப் பார்த்து ஒரே பக்கமாகச் சாய்ந்தன. அந்த வாரியத்து வாசலில் ஜனங்கள் நிற்பார்களே, அதே சாய்வு.

தோட்டக்கார அக்கா வந்து பார்த்தாள். ஒரு நாற்றைத் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை, அதுதான் எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"தம்பி, இதுக்கு இன்னும் உசிரு இருக்கு. வெளிச்சம் மட்டும் குடு, எழுந்துக்கும். அங்க மண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக் காஞ்சுக்கிட்டு வருது."

அவள் தெரு திரும்புவதற்குள் என் மகள் அத்தனை உறையையும் கத்திரிக்கோலால் கிழித்துப் போட்டாள். மாப்பிள்ளை தடுக்கவில்லை. ஆனால் கிழிந்த துணியையெல்லாம் மடித்து அடுக்கி வைத்தார்.

மறுநாள் கும்மிருட்டு வந்தார். உறையில்லாமல் எரிகிற விளக்குகளைப் பார்த்து, அம்மணமாக நிற்கிறவர்களைப் பார்த்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். உடனே மேலிடத்து உத்தரவு வந்தது. இந்த விளக்குகள் தகாத கைகளில் இருக்கின்றன, எனவே வாரியத்தின் நேரடிக் காப்பில் வைக்கப்படும். வண்டி வந்தது. இன்னும் உயிரோடிருந்த விளக்குகளையும், சங்கிலி, கொக்கி, டைமர், இரும்பு அலமாரி எல்லாவற்றையும் ஏற்றினார்கள்.

"அலமாரியை ஏன் சார் எடுக்கறீங்க?" என்றார் மாப்பிள்ளை.

"துணைப்பொருள். விளக்கு எதுல தொங்குதோ, எதனால எரியுதோ, எதுக்காக எரியுதோ, எல்லாம் துணைப்பொருள்தான். கருவி எங்க போகுதோ அதுவும் கூடப் போகணும். பிரிச்சு வெச்சா குத்தம்."

வண்டி போய்விட்டது. நாற்றுத் தட்டுகள் தரையில் கிடந்தன. மாப்பிள்ளை அவற்றின் நடுவில் உட்கார்ந்தார். மகள் வாசல்படியில் உட்கார்ந்து வாரியத்தை அதன் ஏழு தலைமுறையோடு சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய்," என்றார் மாப்பிள்ளை, "கொஞ்சம் நிறுத்து. விளக்கு எதுக்காக எரிஞ்சுது?"

"உங்க தலையெழுத்துக்காக!"

"இல்ல, சொல்லு. எதுக்காக எரிஞ்சுது?"

"நாத்துக்காக."

"அப்ப நாத்து துணைப்பொருள்தானே? நான் அதை இங்க வெச்சுக்கிட்டா குத்தம் இல்லையா?" என்றார். நிஜமாகவே பயந்துபோய்த்தான் கேட்டார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மகள் திட்டுவதை நிறுத்திவிட்டாள். அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. கத்தரிப்பூ நிறமில்லை, நல்ல வெளிச்சம்.

தட்டுகளையெல்லாம் வாடகை வண்டியில் ஏற்றி வாரியத்துக்குக் கொண்டுபோனோம். கண்காணிப்பாளர் பார்த்துத் திகைத்தார். மாப்பிள்ளை கைகட்டி நின்று, விதியை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். விதி என்றால் அந்தக் கட்டடத்தில் மறுபேச்சு கிடையாது. முத்திரை குத்தினார்கள். 'துணைப்பொருள், பச்சை நிறம், அசைவது' என்று எழுதி உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

அங்கே காப்பறை என்று ஒரு கண்ணாடி அறை. எங்கள் அலமாரிகளை அப்படியே நிறுத்தி, விளக்குகளை உறையில்லாமல் எரியவிட்டிருந்தார்கள். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் கத்தரிப்பூ வெளிச்சத்தைப் பார்த்து மலைக்க வேண்டும் என்பது வாரியத்து இயக்குநரின் ஆசை. அந்தக் கட்டடத்தில் அந்த ஓர் அறைதான் வெளிச்சம்.

"எரியறது தேய்மானம்னு சொன்னீங்களே சார்?" என்றார் மாப்பிள்ளை.

"உங்க இடத்துல எரிஞ்சா தேய்மானம். எங்க இடத்துல எரிஞ்சா செயல்பாடு."

விளக்குகள் அங்கே சிமிட்டவேயில்லை. அந்தக் கட்டடத்துப் பெட்டியிலும் கம்பி ஆடிக்கொண்டுதான் இருந்ததாம், கும்மிருட்டே சொன்னார். ஆனால் திடீரென்று ஒரு மிஷினைப் போட்டு வேலையைத் தொடங்குகிறவர்கள் அங்கே யாரும் இல்லை. மின்சாரம் திடுக்கிட ஒரு காரணமும் கிடையாது.

துணைப்பொருளைப் பராமரிக்க வேண்டுமே! நாற்றுக்குத் தண்ணீர் தெளிக்க நீர்ப்பிரிவு என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். ஹெல்மெட்டும் ரப்பர் பூட்டும் போட்டுக்கொண்டு, ஒருவர் தெளிக்க, ஒருவர் அவர் இடுப்பைக் கயிற்றால் கட்டிப் பிடித்துக்கொள்ள, ஒருவர் தூரத்தில் நின்று "ஜாக்கிரதை!" என்று கத்த, காலையும் மாலையும் நடந்தது. நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்போம். நாற்று எழுந்தது. வெளுத்த இலை பச்சை கண்டது. தண்டு பருத்தது. தளிர் விட்டது. சாணுயரம் வளர்ந்து, என்னை எப்போது மண்ணில் வைக்கிறாய் என்று கேட்கிற மாதிரி நின்றது.

அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டோம். இயக்குநர் வெளியே வந்தார். நல்ல உயரம், நல்ல சட்டை.

"நாத்தை எங்க கொண்டுபோறீங்க?"

"தோட்டத்துக்குங்க," என்றாள் அக்கா.

"அங்க என்ன வெளிச்சம்?"

"வெயிலுங்க."

"வெயிலா? அதுக்கு ஃபியூஸ் இருக்கா? எர்த் இருக்கா? எங்க வாரியத்துச் சான்று இருக்கா? முன்பின் தெரியாத வெளிச்சத்துல எங்க காப்புல இருக்கற பொருளை அனுப்பச் சொல்றீங்களா?"

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இவரு நல்லாத்தானே இருக்காரு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பாதுகாப்பு நாள் விழா வரட்டும். நாத்து அதுவரைக்கும் பார்வைக்கு இருக்கணும். அப்புறம் ஒரு குழு போட்டு முடிவெடுப்போம்," என்றார் இயக்குநர்.

குழுவும் முடிவும்! மண் காய்ந்துகொண்டிருக்கிறது. இதைத் தாண்டினால் நட்டும் பயனில்லை என்று அக்கா கணக்குப் போட்டுவிட்டாள். விழா நாளன்று தோட்டக்காரர்கள் எல்லாரும் தங்கள் வண்டிகளைக் கொண்டுவந்து வாரியத்து வாசலில் நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சண்டை போடவும் தயாராக இருந்தார்கள், கெஞ்சவும் தயாராக இருந்தார்கள்.

விழா காப்பறைக்கு முன்னால் நடந்தது. நாற்றுக்குப் பக்கத்தில் நின்று இயக்குநர் பேசினார். அந்தப் பேச்சில் பாதியாவது உங்களுக்குச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

"நண்பர்களே! நான் பொறுப்பேற்கும்போது இந்த ஊரில் எத்தனையோ அறைகளில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அத்தனையும் ஆபத்தில் இருந்தன. இன்று அந்த அறைகளைப் போய்ப் பாருங்கள். ஒரு விளக்குகூட ஆபத்தில் இல்லை. காரணம், ஒரு விளக்குகூட இல்லை! இது சாதாரணச் சாதனையா? சிலர் கேட்கிறார்கள், பெட்டிக்குள்ளே கம்பி தளர்ந்திருக்கிறதே என்று. நண்பர்களே, கம்பியை யார் வேண்டுமானாலும் முடுக்கிவிடலாம். அப்படி எல்லாரும் முடுக்கிவிட்டால், பிறகு நாம் எதிலிருந்து பாதுகாப்பது? யாரைப் பாதுகாப்பது? இத்தனை குடும்பங்களின் சம்பளம் அந்தத் தளர்ந்த கம்பியில் அல்லவா தொங்குகிறது!"

கைதட்டினார்கள். கும்மிருட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கேள்வி யாருக்காவது இருக்கிறதா?" என்றார் இயக்குநர். அந்தக் கட்டடத்தில் அப்படிக் கேட்பது மரியாதைக்குத்தான். யாரும் கேட்க மாட்டார்கள்.

மாப்பிள்ளை கையைத் தூக்கினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சார், ஒரு சந்தேகம். எங்க இடத்துல இருந்தப்ப ஆய்வாளர் வந்து மூணு தடவை அணைச்சுப் போட்டுப் பாப்பாரு. இங்க வந்ததுலேர்ந்து ஒரு தடவைகூட அப்படிப் பாக்கலையே. முறைப்படி பாக்காம விழா நடத்தலாமா சார்?"

வேண்டுமென்றே கேட்டாரா, வெள்ளை மனசாகத்தான் கேட்டாரா என்று என் மகள் இன்று வரைக்கும் அவரைக் குடைந்துகொண்டிருக்கிறாள். "முறைன்னு ஒண்ணு இருக்குல்ல," என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. முறை தவறிவிட்டது! இயக்குநர் கண்காணிப்பாளரைப் பார்த்தார், கண்காணிப்பாளர் கும்மிருட்டைப் பார்த்தார், கும்மிருட்டு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஓடினார். விழாவுக்காகப் பேசுகிற பெட்டி, சுழல்கிற விசிறி, மினுக்குகிற சரவிளக்கு என்று கட்டடமே நிறைந்திருந்த நேரம். மெயினை அணைத்தார். இருட்டு. போட்டார். டப், டப், டப். அணைத்தார். போட்டார். டபடபவென்று மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். மூன்றாவது தடவை போட்டபோது சத்தமே வரவில்லை. போவதற்கு ஒன்றும் பாக்கி இல்லை.

இருட்டில் கருகல் வாடை. யாரோ இருமினார்கள். டார்ச்சு ஒன்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில் இயக்குநரின் முகம் தெரிந்தது, அதைப் பார்த்ததற்காகவே அத்தனை தடவை படியேறியது தகும்.

முதலில் வாய் திறந்தது மாப்பிள்ளைதான். மிகவும் பணிவாக. "சார், போன கருவியை வளாகத்துல ஒரு நிமிஷம்கூட வெச்சிருக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே…"

கண்காணிப்பாளருக்கு மின்சாரம் பாய்ந்த மாதிரி உயிர் வந்தது. ஒரு விளக்குகூட ஆபத்தில் இல்லை என்று இப்போதுதான் கைதட்டு வாங்கியிருக்கிறார்கள். கருகிய விளக்கு கண்ணாடிக்குள்ளே கிடந்தால் மானம் என்னாவது?

"எடுங்க! எல்லாத்தையும் எடுங்க! துணைப்பொருளோட வெளியேத்துங்க! இதுக்கும் நமக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல!"

வாரியமே சேர்ந்து நாற்றைச் சுமந்தது. கும்மிருட்டு இரண்டு கையிலும் தட்டோடு ஓடினார். நீர்ப்பிரிவுக்காரர் இடுப்புக் கயிற்றைக்கூட அவிழ்க்காமல் சுமந்தார். இயக்குநரே ஒரு தட்டு தக்காளியைத் தூக்கிக்கொண்டு வந்து, வாசலில் நின்ற அக்காவின் கையில் திணித்துவிட்டு, "நான் இதைப் பாக்கவேயில்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வண்டிகள் கிளம்பின. அன்று சாயங்காலத்துக்குள் அத்தனையும் மண்ணில் ஊன்றியாயிற்று. முதல் நாள் வெயிலுக்குக் கொஞ்சம் துவண்டன. அப்புறம் நிமிர்ந்துகொண்டன.

மாப்பிள்ளையின் விளக்குகள்தான் திரும்பவில்லை. ஒன்றுகூட மிஞ்சவில்லை. வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அலமாரியின் மேல்தட்டில் தேடி ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். வளாகத்துக்குப் போய், சீலை அறுத்து, பெட்டியைத் திறந்து, ஒரு திருகு திருகி மூடினார். மகளும் நானும் பின்னால் நின்று பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. இடி விழவில்லை. பக்கத்துப் பட்டறையில் மிஷினைப் போட்டார்கள், வாசல் விளக்கு அசையாமல் எரிந்தது.

அவர் அழுதார். விளக்குக்காகவா, இவ்வளவு நாளுக்காகவா தெரியாது. மகள் அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் கும்மிருட்டு வந்தார். சீல் இல்லாததைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து கம்பியை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. பிறகு பையிலிருந்து புது சீலை எடுத்துப் பூட்டினார்.

"சீல் இல்லாததுதான் குத்தம். உள்ள கம்பி எப்படியிருக்குன்னு பாக்கறது வெளிப்பிரிவு. அவர் இன்னிக்கு லீவு," என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். இனிமேல் அந்தத் திருகை ஒருத்தராலும் தளர்த்த முடியாது. வாரியம் வந்த நாள்முதலாகச் செய்த ஒரே பாதுகாப்பு அதுதான், அதுவும் தெரியாமல் செய்தது.

தக்காளி பழுத்ததும் தோட்டக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து மாப்பிள்ளைக்குப் புது விளக்குகள் வாங்கிக் கொடுத்தார்கள். கத்தரிப்பூ வெளிச்சம் திரும்பவும் வந்துவிட்டது.

வாரியம் சும்மா இருக்குமா? காப்பிலிருந்து போன பொருள்களைச் சான்றில்லாத வெளிச்சத்தில் வைத்திருப்பதாகத் தோட்டக்கார அக்காவுக்கு ஓலை வந்தது. சூரியன் பாதுகாப்பானதுதான் என்று உரிய முறையில் நிரூபிக்க வேண்டுமாம். அக்கா ஓலையைக் கொண்டுவந்தவரிடம் ஒரு கூடை தக்காளியைக் கொடுத்துச் சொன்னாளாம்:

"தாராளமா நிரூபிச்சுக்கலாம். உங்க ஹெல்மெட்டுக்காரரை மேல அனுப்பி, மூணு தடவை அணைச்சுப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. இப்போது உங்கள் முறை. உங்களை யாராவது வந்து பாதுகாத்துவிட்டுப் போயிருப்பார்களே, எதைப் பாதுகாத்தார்கள், பாதுகாத்த பிறகு அதில் என்ன மிச்சம் இருந்தது, ஒளிக்காமல் எழுதி அனுப்புங்கள். எத்தனை பக்கமானாலும் படிக்கிறேன். எங்கள் வீட்டு விளக்கு இப்போது நன்றாக எரிகிறது.